பதினேழு

காது சரியாக இருக்கிறது என்று
தஞ்சாவூரில் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.
சிவப்பில் ஒரு கோடு, நீலத்தில் ஒரு கோடு.
இரண்டும் மேலேயே ஓடுகின்றன,
நல்ல பிள்ளைகள் மாதிரி.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக்
கொசு அளவு ஒரு சத்தம் விட்டார் ஜோஸ்பின் மேடம்.
அமுக்கினேன்.
கொசுக் குஞ்சு அளவு ஒன்று.
அதற்கும் அமுக்கினேன்.
பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு மார்க் வாங்கியதில்லை.

நான் போனதோ வேறு கணக்குக்கு.

கொரடாச்சேரி தாண்டி எங்கள் கொள்முதல் நிலையம்.
தகரக் கொட்டகை, ஒரு மேசை.
நான் பட்டியல் எழுத்தர், குறுவை முடியும்வரை.
எதிரே தூற்றும் மெஷின்.
அது ஓடத் தொடங்கினால்
தகரம் ஆடும், தண்ணீர் பாட்டில் ஆடும்,
என் கையெழுத்தும் கொஞ்சம் ஆடும்.
அதற்குள்ளிருந்துதான் ஈரப்பதம் பார்த்துக் கத்துவான் தவசீலன்.
பதினேழு என்றால் எடுப்போம்.
பதினெட்டு என்றால் காயவைத்துக் கொண்டுவா.

சொல்லிப் பாருங்கள் இரண்டையும்.
நாக்கு வளைந்து நின்றுவிட்டால் ஏழு.
அண்ணத்தைத் தொட்டுவிட்டால் எட்டு.
அந்த முடியளவு இடைவெளியில்
நூற்றிருபது சிப்பம் நெல்.

மூட்டை தூக்கும் காத்தமுத்துவுக்கு இது விளங்கவே விளங்காது.
மெஷினுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு
மச்சினனோடு போனில் சண்டை போடுவான்.
நடுவே என் பக்கம் திரும்பி
"லாரிக்காரன் ஒன்னத்தான் கூப்புடுறான், பாருக்கா" என்பான்.
எந்த லாரி? எந்த வாய்?
இத்தனைக்கும் சின்ன வயதில் காதில் சீழ் வடிந்தவன் அவன்தான்.
சோதித்தால் அவன் கோடு என் கோட்டுக்குக் கீழேதான் போகும்.

புரட்டாசிக் கடைசியில் உத்திராபதி நெல்.
தவசீலன் கத்தினான்.
எனக்கு ஓர் எண் வந்தது.
வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்,
கேட்டேன் என்று சொல்லக் கூடாது.
மோட்டாரும் பதரும் மனுஷக் குரலும்
ஒரே சாக்கில் வந்து விழும்.
குறைந்ததை நானே ஊகித்து நிரப்பிக்கொள்வேன்.
அன்றைக்கு எட்டைப் போட்டு நிரப்பினேன்.

அவர் ஒன்றும் பேசாமல் குவியலைப் பரப்பினார்.
ராத்திரி மழை.
தார்ப்பாய்க்கு அடியில் போகத் தண்ணீருக்கு வழி தெரியும்.
மூன்றாம் நாள் ஓரத்து நெல்லில் வெள்ளையாய் முளை.
டீக்கடையில் தவசீலன் சாதாரணமாகச் சொன்னான்:
"பதினேழுன்னுதானேக்கா சொன்னேன்."
டீக்கடையில் தெளிவாகக் கேட்டது.

இதையெல்லாம் சொன்ன பிறகு
ஜோஸ்பின் மேடம் இன்னொரு சோதனை வைத்தார்.
ஒரு பெண் ஏதோ வாக்கியம் சொல்கிறாள்,
அவளைச் சுற்றிக் கல்யாணப் பந்தியே பேசுகிறது.
பத்தில் நான்கு.
"காது வாங்கிடுது. பிரிக்கிறது உள்ளே.
அது ஆளுக்கு ஆள் மாறும்.
ஏன்னு முழுசாத் தெரியலை" என்றார்.
தெரியலை என்றதற்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று.

திரும்பும் வழியில் வெண்ணாறு கரை தொட்டு ஓடியது.
தலைமதகில் நின்று அளந்தால்
எல்லா வாய்க்காலுக்கும் முறைப்படித்தான் தண்ணீர்.
கடைமடைக்காரனைக் கேட்டால்தான் தெரியும்,
வந்தது எவ்வளவு, அதில் சேறு எவ்வளவு.
இதை மேடத்திடம் சொல்லியிருக்கலாம்.
மறுபடி டோக்கன் போட்டுப் போயா சொல்வது?

இப்போது தவசீலன் சாக்பீஸால் மூட்டையில் எழுதிவிடுகிறான்.
காரணம் கேட்கவில்லை.
அக்காவுக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பான்.
இல்லை என்று காட்டத் தாள் இருக்கிறது.
காட்டிவிட்டால்
பதினெட்டுக்கு என்ன காரணம் சொல்வது?

நேற்று உத்திராபதி வந்தார்,
தேறியது எழுபத்தொரு சிப்பம்.
ரசீதை நீட்டினேன்.
சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்தேன்.
மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
அதற்குள் அவர் ஏதோ சொன்னார், ஐந்தாறு வார்த்தை.
முதலில் உதடு மூடித் திறந்தது.
மழையாக இருக்கலாம், மகளாக இருக்கலாம்.
"சரிங்க" என்றேன்.

ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்த்தார்.
ரசீதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.
எதற்குச் சரி சொன்னேனோ.
அவர் சாலை ஏறும்வரை
தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.