அடுத்த தரிப்பு, விட்பி

பதினொரு நாள்தான் லீவு.
ஆணி அடித்தமாதிரிச் சொல்லிவிட்டாள் சூப்பர்வைசர்.
பறக்கிற நாளையும், பறந்து வந்து
கண் எரியக் கிடக்கிற நாளையும் கழித்தால்
ஒன்பது.

ஸ்காபரோவில், பதினாலாம் மாடியில்,
ஜன்னல் விளிம்பில் மாசிப் பனி,
சாப்பாட்டு மேசையில் இங்கிலாந்து.
பேர்மிங்ஹாமின் மேல் தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம்.

இவருக்கு இங்கிலாந்து என்றால் வீடுகள்.
ஈஸ்ட்ஹாமில் பெரியப்பாவின் மகள்,
ஹரோவில் ஒருவர், டூட்டிங்கில் இருவர்.
அந்த இருவரும் கதைக்காமல் விட்டு ஆறு வருசம்,
ஆகவே இரண்டு தேத்தண்ணி, இரண்டு பின்னேரம்.
மில்டன் கீன்ஸில் புதுவீடு வாங்கினவர்கள்
அலுமாரி அலுமாரியாகத் திறந்து காட்டுவார்கள்.
"ஒரு எட்டுப் பாத்திட்டு வருவம்" என்கிறார்.
அந்த ஒரு எட்டு நாலு மணித்தியாலம் என்று
எனக்குத் தெரியும்,
அவிக்கப்போகிற இடியப்பத்துக்கும் தெரியும்.

மகன் துவாரகனுக்கு மன்செஸ்டரில் ஒரு மைதானம்.
ஆட்டம் இல்லாத மாதமடா என்றேன்.
புல்லைப் பார்த்தால் போதுமாம்.

எனக்கு?
யாரும் கேட்கவில்லை. நானே சொன்னேன்:
விட்பி.

பத்து வருசமாக ஏஜாக்ஸில் இறங்குகிறேன்
விடிய ஆறு இருபதுக்கு, சாப்பாட்டுப் பையோடு.
கதவு மூடுமுன் என் முதுகுக்குச் சொல்லும் ரயிலின் குரல்:
அடுத்த தரிப்பு, விட்பி.
ஒருநாள்கூட அதுவரை போனதில்லை.
வாகனத் தரிப்பிடமும் காற்றும்தான் என்றாள்
அங்கேயிருந்து வருகிற பிலிப்பீனோக்காரி.
பிறகு ஓர் இடைவேளையில் போனில் தேடினால்
இன்னொரு விட்பி, கடலோடு!
குன்றின் மேல் கூரையில்லாத மடாலயம்,
ஏற நூற்றுத் தொண்ணூற்றொன்பது படி.
அதற்குக் கொஞ்சம் தெற்கே இன்னொரு ஸ்காபரோ.
இரண்டுக்கும் நடுவே கரையோரம் பஸ் ஓடுகிறதாம்.
ஊர்ப்பெயர்களைப் பெட்டியில் கட்டிக் கப்பலேறியவர்கள்
கடலை மட்டும் எடுத்துவர மறந்துபோனார்கள்.

பென்சிலால் எழுதினேன்.
லண்டன் ஐந்து, மன்செஸ்டர் ஒன்று,
போக வர ஒன்று, விட்பி இரண்டு.

"லெஸ்டரை விடேலாது" என்றார் இவர், மெதுவாக.

கிருபைராசா அண்ணை.
தொண்ணூற்றொன்பதில், ஏஜென்சிக்காரன்
இவரைப் பாங்கொக்கில் விட்டுவிட்டு மறைந்தபோது
காசு அனுப்பினவர்.
சொந்தமில்லை. கூடப் படித்த ஒருவனின் தமையன்.
காசு எப்போதோ திருப்பிக் கொடுத்தாயிற்று.
முகம்தான் இன்னும் கொடுக்கவில்லை.

அப்படியொரு வீட்டுக்கு அரைநாளில் போய்வர முடியாது.
போக ஒன்று, இருக்க ஒன்று.
நான் விட்பியை அழித்தேன்.
அழித்த இடத்தில் தாள் மெலிந்து
மேசையின் நிறம் தெரிந்தது.

ஞாயிறு அவருக்குப் போன் எடுத்தோம்.
எங்கையெல்லாம் போறியள் என்று கேட்டார்.
இவர் வீடுகளை ஒப்புவித்தார், வாய்ப்பாடு மாதிரி.
இடையில் நான், சொல்லவேண்டும் என்று நினைக்காமலே,
"விட்பிக்கும் போக இருந்தம் அண்ணை, நாள் காணாது."

அங்கே தண்ணீர்க் குழாயை யாரோ மூடினார்கள்.
"தங்கச்சி, நான் இஞ்ச வந்து முப்பது வருசம் தாண்டீற்று.
கடை, அதுக்குப் பிறகு இன்னொரு கடை.
இந்த ஊர் நாட்டின்ரை நடுவயிற்றில கிடக்கு,
எந்தக் கரையும் தூரம்.
நான் இந்த நாட்டுக் கடலைப் பாக்கேல்லை.
என்ரை வான் நிக்குது.
நானும் வாறன்."

இப்போது லெஸ்டரும் விட்பியும் ஒரே வரியில்.
விடிய நாலரைக்கு வெளிக்கிட வேணும்.
அவருக்கு முழங்கால் நோ,
எத்தனையாம் படிவரை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.
அவர் மனைவி இருபது பேருக்குப் புட்டு அவிக்கிறாவாம்,
நாங்கள் ஐந்து பேர்.
மழை பெய்தால் வானுக்குள் இருந்து சாப்பிடலாம்.

இன்னும் அரைநாள் இடிக்கிறது.
டூட்டிங்கில் ஒரு தேத்தண்ணியை வெட்ட வேணும்.
எந்தத் தேத்தண்ணி என்பதை
இவரே சொல்லட்டும்.