அறுபத்தெட்டு கோலிகள்

காலை நாலு ஐம்பதுக்கு முதல் பேருந்து.
அதனால் எனக்கு ஒரு கோப்பைதான்,
அதுவும் ஏழு மணிக்குள்.
மீதி, மேசையில் நிற்கிறது,
போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு
செருப்பு மாட்டாத விருந்தாளி போல.

இருவராக இருந்தபோது
மீதி என்று எதுவும் இருந்ததில்லை.
குடித்தோம், சண்டை போட்டோம்,
பாட்டில் காலி.

கீழ்வீட்டு ப்ரேடா சொன்னாள்:
கழுத்தில் வெள்ளிக் கரண்டியைத் தொங்கவிடு.
விட்டேன்.
மூன்றாம் நாள் கரண்டி பளபளவென்று இருந்தது.
ஒயின், நறுக்கி மறந்த ஆப்பிள்.
தக்கையைத் தலைகீழாகச் செருகிப் பார்த்தேன்.
ஃபிரிட்ஜ் கதவில், கடுகுச் சாந்துக்குப் பக்கத்தில்
நிமிர்த்தி வைத்தேன்.
இரண்டு நாள் தாங்கியது, அவ்வளவுதான்.
கதவைச் சாத்தி என்ன?
கெடுக்கிற காற்றை
நானே உள்ளே வைத்தல்லவா அடைக்கிறேன்.

அப்போதுதான் ஸாலாவின் கோலிகள் கண்ணில் பட்டன.
ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் அவள் அம்மாவிடம் என்று
நீதிமன்றம் பங்கிட்ட பிள்ளை.
கோலிகள் தீர்ப்பில் வரவில்லை.
ஒற்றைக் காலுறைக்குள்
ஜன்னலோரம் கிடந்தன.

வெந்நீரில் கழுவினேன்.
பாட்டிலைச் சாய்த்து
ஒவ்வொன்றாக உருட்டிவிட்டேன்.
பச்சை. புகை நிறம். பூனைக்கண்.
இன்னொரு பச்சை.
ஷிபோன் மெல்ல ஏறியது.
தோள். கழுத்து.
தக்கைக்குக் கீழே ஒரு நக அளவு.
அறுபத்தெட்டு.
காகம் குடிப்பதற்காகக் கல் போட்டது.
நான் குடிக்காமல் இருப்பதற்காக.

புதன், வியாழன் தொடவில்லை.
வளைவில் டிராவா ஆறு தெரியும் இடத்தில்
காலி இருக்கைகளோடு திரும்பும்போது
அதை நினைத்துக்கொள்வேன்,
அங்கே ஒன்று கெடாமல் இருக்கிறது என்று.

வெள்ளி மாலை பையை எறிந்துவிட்டு
ஸாலா ஃபிரிட்ஜைத் திறந்தாள்.
"என் பூனைக்கண் எப்படி உள்ளே போச்சு?"
நான் விளக்கினேன்.
காற்று, தக்கை, மட்டம், எல்லாம்.
நீதிபதி கேட்டதைவிடப் பொறுமையாகக் கேட்டாள்.
பிறகு, "எனக்கு இப்போ வேணும்" என்றாள்.

வடிகட்டியை அவள் பிடித்தாள், நான் கவிழ்த்தேன்.
ஜாடி நிறைந்தது.
கடகடவென்று அறுபத்தேழு விழுந்தன.
கடைசி ஒன்று கழுத்தில் குறுக்கே நின்று
ஒரு சொட்டோடு வந்தது.

ஜாடிக்கு மூடி இல்லை.
நாளை எனக்குப் பேருந்தும் இல்லை.
ப்ரேடாவின் கதவைத் தட்ட
மாடிப்படிவரை வந்துவிட்டேன்.
திரும்பிப் பார்த்தேன்:
ஸாலா ஒரு கோலியை நக்கி
முகத்தைச் சுளித்தாள்.
"இதுக்காகவா?"