நோயாளி ஏழு

ஒட்டுசுட்டான் வீதியில் எங்கள் பள்ளிக்கூடம்.
பதினொரு கணினிகள் தந்தார்கள்.
மூன்று எழும்பாது.
ஒன்றின் வயரைக் குரங்கு கடித்துவிட்டது.
உயர்தர உயிரியலில் இருபத்திரண்டு பேர்,
ஒரு திரைக்கு மூவராய், ஒருத்தி மட்டும் நின்றபடி.

பாடத்தைப் புத்தகத்தில் தொடங்கமாட்டேன்.
ஆளுக்கொரு தாள்:
நோயாளி ஏழு. பெண். வயது பதினொன்று.
நெடுங்கேணிப் பக்கம்.
முகம் வெளிறல். மண்ணீரல் நாலு விரல் வீக்கம்.
ஹீமோகுளோபின் ஆறு தசம் இரண்டு.
இருபத்தொரு நாளுக்கு ஒருக்கால் இரத்தம்.
எங்கே பிழைத்தது? தேடுங்கோ.

கம்பஸில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள்
இப்போது வவுனியா ஆசுபத்திரியில்.
பெயரை மையால் அழித்துத் தந்தாள்.
நான் வயதில் ஒன்றைக் குறைத்தேன்,
ஊரை மாற்றினேன்.
போதும் என்றிருந்தேன்.

"மலேரியா" என்றான் ஒருவன்.
"அது இப்ப இஞ்சை இல்லையடா" என்றான் மற்றவன்.
"இரும்புச்சத்துக் குறைவு, முருங்கையிலை குடுக்கலாம்"
என்றாள் கஜிந்தா.
இல்லை, இரும்பு அவளுக்குள் ஏற்கெனவே கூட.
ஏற்றும் இரத்தம் ஒவ்வொன்றும்
ஈரலிலும் இதயத்திலும் இரும்பை விட்டுப் போகிறது.
அறை கொஞ்சம் அமைதியானது.

பிறகு திரையில் எழுத்துகள்.
நாலே நாலு எழுத்தில் நீளுகிற ஒற்றை வரி.
வெட்டி எறிய வேண்டிய துண்டின் ஐந்தாம் இடத்தில்
குவானின் நிற்க வேண்டியது, சைற்றோசின் நிற்கிறது.
அவ்வளவுதான்.
எங்கே வெட்டுவது, எங்கே பொருத்துவது என்று
கலத்தின் கத்தரி தடுமாறுகிறது.
அம்புக்குறியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள்.
புரதச் சங்கிலி பாதியில் அறுந்து அறுந்து விழுந்தது.

அடுத்தது அவர்களுக்குப் பிடித்த விளையாட்டு.
தாய்: காவி. தந்தை: காவி. பிள்ளைகள்: ஆயிரம்.
ஓட்டு.
வெள்ளைச் சதுரம், பாதிச் சிவப்பு, முழுச் சிவப்பு
மழைபோலக் கொட்டின.
முழுச் சிவப்பு இருநூற்று நாற்பத்தேழு.
பக்கத்துத் திரையில் இருநூற்று ஐம்பத்தெட்டு.
"எங்கடைதான் காலுக்குக் கிட்ட!" என்று
கைதட்டினார்கள், கிரிக்கெட் மாதிரி.

டிலோஜன் கைதட்டவில்லை.
பிள்ளைகளின் எண்ணிக்கையை அழித்தான்.
ஆயிரம் போய் இரண்டு வந்தது.
ஓட்டினான். இரண்டும் வெள்ளை.
பார்த்துக்கொண்டிருந்தான்.
மறுபடி. வெள்ளை, பாதிச் சிவப்பு.
மறுபடி.
"முதல் பிள்ளை எப்படி எண்டு
ரெண்டாவதுக்குத் தெரியுமா மிஸ்?"
தெரியாது. ஒவ்வொரு முறையும் புதிதாய்த்தான் எறிகிறது.
"அப்ப நான் வெள்ளையாப் பிறந்ததாலை
அவளுக்கு அது போகேல்லை?"
போகேல்லை.

பிறகு தாளை மேசையில் வைத்துச் சொன்னான்,
ஒரு கணக்கைத் திருத்துகிற குரலில்:
"அவளுக்குப் பதினொன்று இல்லை, பன்னிரண்டு மிஸ்.
நெடுங்கேணியும் இல்லை, கற்சிலைமடு.
மற்றதெல்லாம் சரி."

கரண்ட் போனது அப்போதுதான்.
நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்ததை
இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.
இருட்டில் மின்விசிறி மெதுவாக நின்றது.
மன்னிப்பு என்ற சொல் வாயில் இருந்தது, வரவில்லை.
அவனே எழும்பி
இரவில் வயிற்றுத் தோலில் ஏற்றும் அந்தச் சின்னப் பம்பு,
இரும்பைக் கழுவும் மருந்து,
ஊசி எந்தச் சரிவில் போகவேண்டும் என்பதெல்லாம்
கரும்பலகையில் கீறிக் காட்டினான்.
கஜிந்தா குறிப்பெடுத்தாள்.
என் பாடத்திட்டத்தில் அது இல்லை.

புதன்கிழமை அவன் கொண்டுவந்த கொப்பித் தாளில்
வேறொரு கையெழுத்து, சரிந்து:
"என்ரை பெயரைப் போடலாம். அம்மாவும் ஓம் எண்டவ.
நோயாளி ஏழு எண்டு போட வேண்டாம்.
கரமில் அண்ணாவை வெல்லுவன் எண்டும் எழுதுங்கோ.
இப்படிக்கு, ச. வெண்ணிலவி."

எழுதினேன்.
மண்ணீரலுக்குக் கீழே, ஹீமோகுளோபினுக்கு மேலே
இடம் இருந்தது.
இந்த வருடத்துப் பிள்ளைகள் தாளைப் புரட்டிவிட்டுக்
கேட்கிறார்கள்:
"மிஸ், கரமில் வெல்லுறதும் நோய்க்குறியா?"