எந்தத் தண்ணி

ஆறு மாசம் கழித்துப் படகைக் கரையேற்றினோம்.
ஒன்பது பேர் பிடித்தோம்,
அதில் ஒருவன் போன் பேசிக்கொண்டே பிடித்தான்.
இரண்டு எஞ்சினையும் சாய்த்துத் தூக்கியதும்
நான் முதலில் பார்த்தது சிங்க் துண்டுகளைத்தான்.
முழுசாக இருந்தன.
மூலைகூட மழுங்கவில்லை.
ஒன்று எழுநூற்று நாற்பது ரூபாய், நான்கு துண்டு.
தேயாவிட்டால் மிச்சம்தானே என்று
மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது.
மெர்லினின் பள்ளி வேன் காசு அதில் வந்துவிட்டது.

சஜின்லால் குனிந்து பார்த்தான். சிரிக்கவில்லை.
சட்டைப்பையிலிருந்து ஓர் ஆணி எடுத்துச் சுரண்டினான்.
முட்டை ஓடு மாதிரி
வெள்ளையாகப் பொரிந்து விழுந்தது.
"ஒறங்கிப்போச்சு அண்ணா," என்றான்,
பாதி பொழியூர், பாதி நம்மூர்ப் பேச்சில்.
பிறகு என் விரலைப் பிடித்து
எஞ்சினின் காலில் வைத்தான்.
பெயிண்டுக்கு அடியில் கொப்புளம்.
அமுக்கினால் உடைந்தது,
உள்ளே ஊசி நுழையும் குழி.
ஒன்று. ஏழு. அப்புறம் எண்ணவில்லை.

தேய வேண்டியது தேயாமல் கிடந்திருக்கிறது.
அதற்காகத் தண்ணீர் பட்டினி கிடக்குமா?
பக்கத்து இலையில் கைவைத்துவிட்டது.

விழிஞ்ஞத்துக் கடைக்குப் போன் போட்டால்
ஒரே கேள்வி:
"எந்தத் தண்ணியில ஓடுது?"

என்ன சொல்ல.
நெய்யாறு கடலைப் பார்க்கிற இடத்தில்
ஒரு மணல்திட்டு எழும்பும், படுக்கும்.
பொழி முறிந்தால் உப்பு.
பொழி அடைத்தால் சோறு வடிக்கலாம்.
காலையில் புதுஜோடியை ஏற்றிப் போகும்போது ஒரு தண்ணி,
அவர்கள் பேசாமல் ஆளுக்கொரு கரையைப் பார்த்துக்கொண்டு
திரும்பும்போது வேறு தண்ணி.
அடியில் கடலும் மேலே ஆறுமாக
ஒன்றின்மேல் ஒன்று நழுவுகிற நாளும் உண்டு.
நான் நாக்கில் தொட்டுப் பார்த்துச் சொல்வதை
அவர் எந்தப் பெட்டியில் தேடுவார்?

"ரெண்டும்தான்," என்றேன்.
"அப்போ அலுமினியம். சிங்க் கடலுக்குத்தான் வேலைக்காரன்,
ஆத்துல தூங்கிருவான்."

பார்சல் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் வந்தது.
கையில் வாங்கியதும் ஏமாந்துபோனேன், அவ்வளவு லேசு.
இதுவா என் படகைக் காப்பாற்றப்போகிறது?
கண்டக்டர் லக்கேஜ் காசுகூடக் கேட்கவில்லை.

போல்ட் கழலவில்லை.
மூன்றாவது போல்ட்டுக்கு நெருப்பு காட்டினோம்,
நான்காவது தலை முறிந்தது,
துளைபோட்டு எடுக்க ஒரு பகல்.
புதுசு உட்காரும் இடத்தைக்
கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான் சஜின்லால்,
வெயில் பட்டுக் கண் கூசும்வரை.
இரும்போடு இரும்பு பேச வேண்டுமாம்,
நடுவில் பெயிண்ட் நின்றால் கேட்காதாம்.
"அது அலுமினியம்டா," என்றேன்.
"பேச்சுக்குச் சொன்னேன் அண்ணா."

மீந்த நீல பெயிண்டை
எல்லாம் ஒரே நிறமாய் இருக்கட்டுமென்று
புதுத் துண்டின் மேலும் இழுக்கப் போனேன்.
என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.
"அதை மட்டும் அப்பிடியே விடுங்க.
அழகா இருந்தா வேலை செய்யாது."

பழைய நாலு துண்டையும்
வீச மனசு வரவில்லை.
ஓடு சுரண்டி, செய்தித்தாளில் சுற்றி
நீரோடியில் பெல்லார்மினுக்குக் கொடுத்தேன்.
அவன் வள்ளத்திலும் அதே கம்பெனி எஞ்சின்.
அலை தாண்டிவிட்டால் அவனுக்கு
எப்போதும் ஒரே தண்ணி.

இரண்டு மாசம் அவன் பேச்சில்லை.
நேற்று ராத்திரி கூப்பிட்டான்,
கோபத்தோடு, பின்னால் காற்று இரைய:
"என்ன சாதனம் தந்த அளியா?
பாதியும் தின்னு போச்சு!"

சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி
இன்னொரு தடவை
சொல்லச் சொன்னேன்.