எடைப்பாலத்தில் ஒரு ஞாயிறு

லாபிஸ் செம்பனை ஆலையில்
உள்ளே வரும் லோரியை நிறுத்து,
வெளியே போகும் லோரியை நிறுத்து,
கழித்து வருவதைக் குலையென்று எழுதுகிறவள் நான்.
பதினோரு வருஷம்.
எல்லாம் கழித்து என் கையில் மிஞ்சியது
முப்பத்தெட்டாயிரம் வெள்ளி.

யாரிடம் சொன்னாலும் "மைவி வாங்கு" என்றார்கள்.
அம்மா, பேங்கில் இருக்கும் பெண்,
பல் டாக்டர்கூட,
பதில் சொல்ல முடியாதபடி
வாயில் பஞ்சைத் திணித்துவிட்டு.

எனக்கு வேண்டியது
இரண்டு கதவு, ஐந்து கியர்,
வளைவில் என்னோடு சேர்ந்து பயப்படும் ஒரு வண்டி.

தனசீலன் ஜப்பான் கட்சி.
பிறந்தது சாஆ தோட்டத்து லயத்தில்,
கனவெல்லாம் சுசுகா பந்தயத் தடத்தில்.
"சிவிக் எடு பிரேமளா.
ஆறாயிரம் சுற்றைத் தாண்டினால்
பதினாலு வயசுப் பையன் மாதிரி
அதுக்குக் குரல் உடையும், கேளு."

பட்டறை கொக் லியோங் எண்ணெய்க் கையோடு வந்தார்.
"சத்ரியா எடு. நம்ம நாட்டுப் பொருள்.
உடைஞ்சா மார்க்கெட்டுக்குப் போற வழியிலேயே
சாமான் கிடைக்கும்."
"அப்போ உடையுமா?"
"உடையும்லா. ஆனா கிடைக்கும்."

ஆலைக்கு விடுமுறை. இரண்டையும் வரச் சொன்னேன்.

குலை லோரி ஏறும் இரும்புப் பலகையில்
முதலில் சிவிக், தும்பை வெள்ளை.
பின்கண்ணாடி மூலையில் ஜப்பான் எழுத்தில் ஒரு வில்லை.
சலுகையோ, அபராதமோ,
இருபது வருஷமாக யாரும் படிக்கவில்லை,
யாரும் கிழிக்கவுமில்லை.
ஆயிரத்து அறுபது.

அடுத்து சத்ரியா,
கூரையில் மட்டும் வெயில் தின்ற நீலம்.
ஆயிரத்து அறுபது.

தட்டிப் பார்த்தேன். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து
மறுபடி ஏற்றினேன்.
எங்கள் பாலம் பத்துக் கிலோவுக்குக் கீழே
நியாயம் சொல்லாது.

காவலுக்கு நின்ற ரஃபிக்குல்
சிவிக் பானெட்டைத் தடவிக்கொண்டு சொன்னான்:
"இதை எடுங்க அக்கா. இதுவும் கப்பல்ல வந்தது.
பெர்மிட் கேட்டு யாரும் நிறுத்த மாட்டாங்க."
தனசீலன் சிரித்தான்.
ரஃபிக்குல் சிரிக்கவில்லை,
வில்லையின் ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டினான்.

பதினாறாம் நம்பர் காட்டுச் சாலையில்
சிவிக்கை ஓட்டினேன்.
குரல் உடைந்தது, சத்தியமாக உடைந்தது.
முழங்கை மயிர் எழுந்து நின்றது.
ஆனால் ஒவ்வொரு குழியிலும்
பணக்கார வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள்போல்
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன்.

சத்ரியா அப்படியில்லை.
மூன்றாவது கியரில் முனகியது,
செம்மண் வளைவில் பின்பக்கம் லேசாக நழுவி
'என்ன, பிடிப்பியா?' என்றது.
பிடித்தேன்.
மூச்சு வாங்க பட்டனை அழுத்தினேன்,
ஜன்னல் கண்ணாடி டொக்கென்று
கதவுக்குள் விழுந்து போனது.

கொக் லியோங் தலையைச் சொறிந்தார்.
"அது இந்த வண்டிக்கு வழக்கம்."
"எவ்வளவு குறைப்பீங்க?"
"எண்ணூறு."
"ஆயிரத்து அறுபது," என்றேன்.
எண் கையில் சூடாக இருந்தது.
ஒத்துக்கொண்டார்.

தனசீலன் இரண்டு வாரம் பேசவில்லை.
மூன்றாம் வாரம் ஒட்டுக்கடையில்
தே தாரிக் ஆறும்வரை பொறுத்துவிட்டுக் கேட்டான்:
"நாலாயிரத்துக்கு மேல எப்படி இழுக்குது?"

நேற்று யோங் பெங் டோல்.
புது மோட்டார் போட்ட கண்ணாடி
இந்த முறை கீழே இறங்க மறுத்தது.
கதவைத் திறந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி,
உடம்பை வளைத்துக் கார்டைக் காட்டினேன்.
தடுப்புக்கட்டை யோசித்தது.
பின்னால் ஹாரன், விடாமல்.

கண்ணாடியில் பார்த்தேன்.
மைவி.