கொப்பில் நின்ற காம்புகள்

ஆவணி என்றால் கச்சான் காற்று.
பசறைப் பக்கம் எந்த மரமும் கொஞ்சம் கழிக்கும்.
தோடையும் கழிக்கும், பழைய இலையை,
நிழலுக்குள் கிடந்து கறுத்த உள்ளிலையை.
அப்படித்தான் சொன்னேன் முதல் கிழமை:
பருவம். தானாக நிற்கும்.

ஏழு பேர்ச் காணியில் வீடு போக
மிஞ்சிய மூலையில் நிற்கிறது என் மரம்.
பிபிலையில் வாங்கிய ஒட்டுக்கன்று.
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்,
கண்டக்டர் அதற்கும் டிக்கட் கிழிக்கப் பார்த்தான்.
ஒட்டுக்குக் கீழே வெடிக்கும் முள்ளுக் குச்சியை
மாதம் ஒருதரம் கிள்ளி,
அடிமரத்தைத் தொடாமல் ஒரு முழம் தள்ளித்
தேயிலைக் கழிவு பரப்பி,
எறும்பு ஏறாமல் கிரீஸ் துணி கட்டி…
பிள்ளைக்குக்கூட இவ்வளவு பார்க்கவில்லை
என்பாள் கமலவேணி.
பொய்யில்லை.

இரண்டாம் கிழமை பச்சை இலையும் விழுந்தது.
கூட்டும்போதுதான் கண்டேன்:
இலை மட்டும் கீழே.
காம்பு கொப்பிலேயே நின்றது,
சட்டையை எடுத்த பிறகும்
சுவரில் நிற்கும் ஆணிபோல.

தோடை இலைக்கு இடுப்பு உண்டு.
வயதாகி விழுந்தால் காம்போடு விழும்.
இடுப்பில் முறிந்து விழுந்தால்
அது பருவம் இல்லை.

சவரியம்மா வீட்டுச் சவர்க்காரத் தண்ணீர்
வேலிக்கடியால் இந்தப் பக்கம்தான் வடியும்.
போய்க் கேட்டேன்.
கேட்டேன் என்பது மரியாதைக்கு;
என் சத்தத்தில் பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது.
ரொட்டிக்கல்லிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:
"ஒன் மரத்த சாகடிச்சு எனக்கு என்னா வரப்போவுது?
போயி ஒன் கையப் பாரு."

பார்த்தேன்.
நகக்கண்ணில் நீலம்.

மூன்று வருடமாக ஐந்தாம் நம்பர் மலையில்
களைக்கு மருந்தடிக்கிறேன்.
பதினாறு லீட்டர் டேங்கி, முதுகு நிறைய.
மலையில் பீலி வற்றிப்போனதால்
ஆடி முழுக்க
வீட்டுக்குக் கொண்டுவந்துதான் கழுவினேன்.
அலசிய தண்ணீரை வீணாக்குவானேன் என்று
ஊற்றினேன் மரத்தடியில்.
மூன்றாம் தரம் அலசியது
குடிக்கலாம்போலத் தெளிவாக இருந்தது.

இலையை வெளிச்சத்தில் பிடித்தேன்.
நரம்பு பச்சையாக நின்று
இடையில் மஞ்சள் பரவினால் அது பசி.
பசிக்கு உரம் உண்டு.
இங்கே எல்லாம் தலைகீழ்:
பச்சைக்குள் மஞ்சள் நரம்பு,
எங்கே போனது, எப்படி ஏறியது என்று
வழி போட்டுக் காட்டிய மாதிரி.

விவசாயக் கந்தோர்ப் பிள்ளை போனில் சொன்னது:
உரம் ஒரு மணிகூடப் போடாதீங்க.
கத்தி வைக்காதீங்க, எது செத்ததுன்னு
மரமே சொல்லட்டும்.
கரி இருந்தா நொறுக்கி மண்ணோட கலந்துவிடுங்க.

இந்த வரிசையில் விறகடுப்பு எரிவது
ஒரே வீட்டில்.

வாசலில் நின்றேன்.
சொல்ல வந்தது ஒன்று.
வாயில் வந்தது, "கரி வேணும்."
"மூட்டை நூறு."
நூற்றைம்பது நீட்டினேன்.
மிச்சத்தை இரண்டு இருபதும் ஒரு பத்தும் என்று எண்ணி
என் கையைத் தொடாமல்
திண்ணமாகத் திருப்பித் தந்தாள்.

ஐப்பசியில் மழை இறங்கியது.
காம்புகளும் ஒவ்வொன்றாய் உதிர்ந்து முடிந்தன.
மொட்டைக் கொப்பை நகத்தால் சுரண்டினேன்,
நகத்தைக் கழுவிக்கொண்ட பிறகுதான்.
மேல்நுனி மூன்று கட்டை.
கீழே, தோலுக்கடியில், ஈரப் பச்சை.

பிறகு இலைக்கு முந்திப் பூ வந்தது,
கொப்பு கொள்ளாமல்.
பயந்த மரம் அப்படித்தான் பூக்குமாம்.
இலையில்லாமல் எதைக் கொடுத்துக் காய் வளர்க்கும்?
எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டேன்.
இரண்டு நாள் கையில் வாசம் போகவில்லை,
சோறு பிசையும்போதுகூட.

டேங்கியை இப்போது ஸ்டோரிலேயே விட்டு வருகிறேன்.
அங்கே கழுவும் தண்ணீர்
கான் வழியாகக் கீழே இறங்குகிறது.
எது வரைக்கும் என்று
இன்னும் போய்ப் பார்க்கவில்லை.