என்ன கிழமை

தலைக்காய வார்டில்
மணிக்கொருதரம் கேட்பேன்:
பேரென்ன, ஊரென்ன,
இன்னைக்கு என்ன கிழமை?

மூணு மணிக்கு ஜன்னலில்
ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு லாரி
இறங்கிக்கொண்டே இருக்கிறது.
இது பதினோராவது நைட்டோ
பன்னிரண்டாவதோ.

விடிந்து அம்மாப்பேட்டை போய்
ஜன்னலில் கறுப்புப் பாவாடையைக் கட்டிப் படுத்தால்
பக்கத்து வீட்டுத் தறி
என் மண்டைக்குள் ஓடும்.
நேற்று குக்கர் விசிலடித்ததற்கு
மகளை அறைந்துவிட்டேன்.
அவள் அழவில்லை.
அடுப்பை அணைத்தாள்.

ஒன்பதாம் கட்டில், தாரமங்கலம் செங்கோடன்,
பைக்கிலிருந்து விழுந்தவர்,
கண் திறக்காமலே சொல்கிறார்:
"வியாழன்."

சரியா என்று பார்க்க
செல்போனை எடுக்கிறேன்.
சனி என்கிறது.

அவர் சார்ட்டில்
ஒரு மார்க்கைக் குறைத்து எழுதுகிறேன்.
நானும் வியாழன் என்றுதான்
நினைத்திருந்தேன்.